என் வீட்டுக்காரர் ஹானாவிடம் சொன்னது

"அரசாங்கத் தலைவர் ஒரு லூமைக்."

லூமைக் என்றால் பர்மிய மொழியில் முட்டாள். ஹானா அதைச் சொன்னது யாங்கோனில் எங்கள் தெருமுனை டீக்கடையில், காலைக் கூட்டத்துக்கு நடுவில், நல்ல உரத்த குரலில். அவள் சொல்ல நினைத்தது அமெரிக்காவில் தன் மாநிலத்துக் கவர்னரை. கவர்னருக்குப் பர்மிய மொழியில் என்ன சொல் என்று தெரியாமல் 'அரசாங்கத் தலைவர்' என்று வைத்துக்கொண்டாள். எந்த ஊர் அரசாங்கம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

ஒரு டீக்கடை முழுவதும் ஒரே சமயத்தில் அடங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தம்ளர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஸ்பூன்கள் நின்றன. பக்கத்து மேசையிலிருந்த இரண்டு பேர், கெட்டிப்பால் அடியில் கலங்காமல் கிடந்த டீயை அப்படியே விட்டுவிட்டு, காசை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

நான் அவசர அவசரமாக, எல்லார் காதிலும் விழும்படி, "அமெரிக்காவில்! அமெரிக்காவில்!" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ, "ஓ, அங்கேயுமா?" என்றார்கள்.

கடையே சிரித்தது. ஆனால் சிரிப்பு வந்ததைவிட வேகமாகப் போய்விட்டது. சிரித்த முகத்தை யாரும் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

ஹானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் தப்பாகச் சொல்லிவிட்டேனா, சயாமா?" என்று கேட்டாள். சயாமா என்றால் டீச்சர்; ஆண்களை மரியாதையாகச் சயா என்போம். அவளுக்குப் பர்மிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உச்சரிப்பெல்லாம் சரிதான்" என்றேன்.

அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு முதல் பொறாமை வந்தது. அவளுடைய நிறமோ, டாலரோ, எந்த நாட்டுக்கும் போய்வர விடும் அந்த நீலப் பாஸ்போர்ட்டோ காரணமில்லை. அவளுடைய வாய்தான் காரணம். முப்பத்து நாலு வயது வரைக்கும் நான் எந்தத் தலைவரையும் எங்கேயும் முட்டாள் என்று சொன்னதில்லை. குளிக்கிற அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுகூடச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வாயில் பாதி சமோசாவோடு சொல்கிறாள்.

இந்தக் கதையை எழுதலாமா என்று இத்தனை வாரமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இதில் வரும் பெயர்கள் எதுவும் நிஜமில்லை, தனம் என்ற என் பெயர் உட்பட. நடந்தது மட்டும் நிஜம்.

பாதி வாக்கியம்

எங்கள் வீடு யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் இருந்தது. கீழே தரைத்தளத்தில் என் வீட்டுக்காரர் தங்கராஜின் பட்டறை. ஜெனரேட்டரை எங்கள் ஊரில் மீசெக் என்போம். கரண்ட் போகாத நாளே இல்லாத ஊரில் மீசெக் பழுது பார்க்கிறவருக்கு வேலை எப்போதும் உண்டு. தெருவிலிருந்த பர்மியர்களுக்கு அவர் 'கோ தான்', அதாவது தான் அண்ணன். தங்கராஜ் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். "அந்த உப்பு..." என்பார். "நாளைக்குப் பையனை..." என்பார். மீதியை நான் முடித்துக்கொள்வேன். பத்து வருஷக் குடித்தனத்தில் அது எனக்கு ஒரு பெருமையாகவே இருந்தது. இந்த மனுஷன் பாதி சொன்னால் போதும், மீதி எனக்குத் தெரியும் என்று.

ஹானா வந்தது இரண்டாயிரத்து எட்டில் அடித்த பெரிய புயலுக்கு அடுத்த வருஷம். தெருவில் மரங்கள் விழுந்த இடத்திலெல்லாம் வேர்க்குழிகள் அப்போதும் தண்ணீரோடு கிடந்தன. பர்மிய மொழி படிக்கிறேன் என்று வந்தவள், கூடவே இன்னொரு காரியத்தையும் வைத்திருந்தாள். தன் சொந்த ஊரில் தெரு தெருவாகப் போய்ச் சில கேள்விகள் கேட்டிருந்தாள். அரசாங்கம் உங்கள் பேச்சைக் கேட்கிறது என்று நினைக்கிறீர்களா, உங்கள் ஓட்டால் ஏதாவது மாறுமா, பக்கத்து வீட்டுக்காரரோடு அரசியல் பேசுவீர்களா என்று. அதே கேள்விகளை யாங்கோனிலும் கேட்டு, இரண்டு ஊர் மனசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுதான் அவளுடைய பட்டத்துக்கான ஆராய்ச்சி.

"இதை யாரிடமும் இப்படிக் கேட்கக்கூடாது" என்றேன்.

"எப்படிக் கேட்கலாம்?"

"கேட்கவே கூடாது. பேச்சுப் பழக வந்தேன் என்று சொல். பேசுகிறவர்கள் பேசட்டும்."

அப்படியே இருவரும் கிளம்பினோம். அவளுக்கு வராத சொற்களை நான் எடுத்துக்கொடுப்பேன், புரியாததை ஆங்கிலத்தில் சொல்வேன். மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மா, "இந்த வருஷம் மழை நல்லாப் பெய்யுது" என்றாள். இஸ்திரி போடுகிறவர், "எனக்கு அரசியல் தெரியாதுங்க" என்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர், "எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எங்களை வாசல்வரை நடத்திக்கொண்டு வந்து கதவைச் சாத்திவிட்டார்.

"எங்கள் ஊரில் ஒரு கேள்வி கேட்டால் ஒரு மணிநேரம் பேசுவார்கள். நான்தான் போதும் என்று எழுந்து வருவேன்" என்றாள் ஹானா.

அதைச் சலிப்போடு சொன்னாள். பேச்சு அதிகமாகிச் சலித்துப்போன ஒருத்தியை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

சண்டை போட ஓர் அப்பா

ஒருநாள் பாடம் முடிந்து, வேகவைத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தபோது அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

அவளுடைய அப்பாவுக்கு டிராக்டர் விற்கிற கடை. அவருக்கு ஒரு கட்சி, இவளுக்கு எதிர்க்கட்சி. தேர்தல் சமயத்தில் வீட்டுக்கு முன்னால் புல்வெளியில் அவர் தன் வேட்பாளரின் பலகையை நட்டிருக்கிறார். இவள் அதே புல்வெளியின் இன்னொரு மூலையில் தன்னுடையதை நட்டிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் புல் வெட்டியவள் அம்மா. பண்டிகை விருந்தன்று பேச்சு முற்றி, அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

"இங்கே உங்கள் தெருவில் எல்லாரும் ஒரே பக்கம். வாய் திறக்காமலேயே ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறீர்கள். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, சயாமா" என்றாள்.

கையில் இருந்த கடலையை அவள் தலையில் கொட்டியிருப்பேன். பொறாமைப்படுகிற உரிமையையாவது எனக்கு விட்டுவைக்கக்கூடாதா?

எனக்கு வேண்டியிருந்தது அந்தப் புல்வெளி. அப்பா ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். அவர் தட்டைத் தள்ள வேண்டும், நான் எழுந்து நின்று கத்த வேண்டும். 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா' என்று ஒரு தடவையாவது அரசியலைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் அப்பா எந்தப் பக்கம் என்பதே எனக்குத் தெரியாது. அவர் தெரியவிட்டதில்லை.

துணி துவைக்கிற சத்தம்

எண்பத்தெட்டில், மாணவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய அந்த வருஷத்தில், எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் அப்போது தாகேதாவில் இருந்தோம். பாசுண்டாங் உப்பங்கழியைத் தாண்டினால் நகரம். அப்பா நகரசபையில் குமாஸ்தா. அந்த மழைக்காலத்தில் ஒருநாள் அவர் வேலைக்குப் போகாமல், கட்டில் பலகையைக் கழற்றி ஜன்னலுக்குக் குறுக்கே அடித்தார். ஆணி வாயில் இருந்ததால் எங்கள் கேள்வி எதற்கும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்குள் ஈரத்துணி நாற்றம். பகலிலும் இருட்டு. அப்போது தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்லில் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி, விட்டுவிட்டு.

"யாரோ துவைக்கிறாங்க" என்றாள் அம்மா.

"இந்த மழையிலயா?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "கேள்வி கேக்காதே. எதையும் கேக்காதே. கேட்டா தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சா சொல்லத் தோணும்" என்றார்.

அதுதான் என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த அரசியல். நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்தபோது பெரிய வகுப்புகளில் சில பெஞ்சுகள் காலியாக இருந்தன. நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலம் வந்தது. தரகரிடம் அப்பா தொழிலைக் கேட்டார், குலம் கோத்திரம் கேட்டார், குடி உண்டா என்று கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பையன் அந்த வருஷம்...?" என்றார்.

"சே சே. வீட்டை விட்டு வெளியே போகலை. நல்ல பையன்" என்றார் தரகர்.

கதவுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டு எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று தலைகள்

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போயிற்று. ஹானா பாடத்துக்கு வந்தவள் மாடிக்கு ஏறாமல் பட்டறையிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு சின்ன மீசெக்கைப் பிரித்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் வாசனை, ஈரச் சாக்கு வாசனை. தெருவில் ஆளில்லை.

ஹானா தன் கேள்விகளில் எதையும் எடுக்கவில்லை. சும்மா பேச்சுக்கு, தன் அரைகுறைப் பர்மிய மொழியில், "கோ தான், எண்பத்தெட்டில் உங்களுக்கு என்ன வயது?" என்றாள்.

'எனக்கு அரசியல் தெரியாது' என்பார், பேச்சு முடியும் என்று காத்திருந்தேன்.

அவர் கையைக் கழிவுத்துணியில் துடைத்தார். எழுந்துபோய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து, பூட்டி முடித்த மீசெக்கின் கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அது தடதடவென்று கிளம்பிப் பட்டறையை நிறைத்தது. பிறகு முக்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, என்னையும் கிட்ட வரும்படி கையைக் காட்டினார்.

"பதினேழு" என்றார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் என் காதருகே பேச வேண்டும், நான் ஹானாவின் காதருகே பேச வேண்டும். மூன்று தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது.

அவர் பர்மிய மொழியில் பேசினார். வீட்டில் பேசுகிற மாதிரி இல்லை. முழு வாக்கியங்கள். சபையில் எழுந்து நின்று பேசுகிறவர் போல மரியாதையான சொற்கள். எந்த வாக்கியத்தையும் பாதியில் விடவில்லை. நான் முடித்துக்கொடுக்க எதுவுமில்லை.

"பத்தாம் வகுப்புப் பையன்கள் எல்லாரும் போனோம். வீட்டில் சொல்லவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, ஆனாலும் கூட்டம் கலையவில்லை. என் பெஞ்சில் உட்காருகிற நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்."

மொழிபெயர்க்கிறவள் 'அவர் சொல்கிறார்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவருடைய 'நான்' என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் நடந்தேன், என் நண்பன் என் கையைப் பிடித்திருந்தான் என்று ஹானாவின் காதில் சொல்கிறேன். சொல்லும்போதுதான் எனக்கும் தெரிகிறது.

"முன்னால் நின்ற சிப்பாய்கள் சுட்டார்கள். முதலில் வானத்தில்தான் சுடுகிறார்கள் என்று நினைத்தோம். என் நண்பன் உட்கார்ந்துவிட்டான். களைத்துப்போய் உட்காருகிற மாதிரி. எழுந்திரு என்று இழுத்தேன். அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி இழுத்தேன்."

அந்த இடத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

என் வாய் நின்றுவிட்டது. அது எங்கள் மகனின் பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயரும் உண்டு. தமிழ்ப் பெயரை நான் வைத்தேன். பர்மியப் பெயரை அவர் வைத்தார். ஏன் இந்தப் பெயர் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

"என்ன சொன்னார்? என்ன பெயர்?" என்றாள் ஹானா. சத்தத்தில் அவளுக்குப் பிடிபடவில்லை.

"அவனுடைய பெயரைச் சொன்னார்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அதை அவளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது என் வீட்டுக்காரரும், "எழுது. அந்தப் பேரை மட்டும் போடாதே" என்றார். ஆகவே உங்களுக்கும் இல்லை.

யாரோ அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சில நாளில் மாமா வந்து அவரை ஷ்வேப்யிதாவுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அப்போது அது ஊருக்கு வெளியே, புதிதாகக் குடிசை போட்ட பொட்டல். அங்கே மாமாவின் கொட்டகையில் ஒளிந்திருந்த மாதங்களில்தான் மீசெக் வேலை கற்றிருக்கிறார். படிப்பு வரவில்லை, தொழிலுக்கு வந்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

ஹானா அழுதாள். கண்ணீர் தாராளமாக வழிந்தது. எனக்கு அழ நேரமில்லை. அடுத்த வாக்கியம் வந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்து அந்தப் பக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் முடித்ததும் ஹானா அவருடைய எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒரு பெண் அந்நிய ஆணின் கையை அப்படிப் பிடிப்பதில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் போய் மீசெக்கை நிறுத்தினேன்.

அவ கேட்டா

அவள் போன பிறகு மாடிக்கு வந்தார். கால் கழுவினார். தட்டைப் போட்டேன். குழம்பை ஊற்றினேன். கரண்டியைச் சட்டியில் ஓங்கிப் போட்டதில் மகன் பாடப்புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அவனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

"பத்து வருஷம். ஒரே கூரை, ஒரே பாய். என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நேத்து வந்த வெள்ளைக்காரிகிட்ட முழுசா வருது."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"அவகிட்ட அப்படி என்னாங்க இருக்கு? அவ அழுதா உங்களுக்கு ஆறுதலா இருந்துச்சா?"

"அவ கேட்டா" என்றார்.

"என்ன?"

"அவ கேட்டா, தனம். நீ கேக்கவே இல்லையே."

எனக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. "எப்படிக் கேப்பேன்? நல்ல பையன், வீட்டை விட்டே வெளியே போகலைன்னு தரகர் சொன்னாரு. அதை நம்பித்தானே கழுத்தை நீட்டினேன்?"

"தெரியும். உங்கப்பா கேட்டதும் தெரியும். அப்படித்தான் சொல்லணும்னு தரகர் எனக்கும் சொல்லிக்கொடுத்தாரு." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நீ எப்பவாவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். மொத வருஷம் இருந்தேன். அப்புறம்..."

வழக்கம்போல வாக்கியம் பாதியில் நின்றது. இந்தத் தடவை அதை எனக்கு முடிக்கத் தெரியவில்லை.

அந்த இரவும் அடுத்த சில நாட்களும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஹானாவின் அழுத முகம் என் கண்ணெதிரே நின்றது. கணவனின் வாழ்க்கையில் இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று மனைவிமார் அழுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வந்ததும் அதே நோய்தான். நெஞ்சு அதே மாதிரி எரிந்தது. ஆனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? என் புருஷன் அவளோடு அரசியல் பேசினார் என்றா?

சமையல் பாடம்

அந்த வாரக் கடைசியில் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். எங்கள் தெருவில் யார் வீட்டில் விருந்தாளி தங்கினாலும் ஆபீஸில் சொல்ல வேண்டும். ஹானா தங்கவில்லைதான். ஆனால் வெள்ளைத்தோல் வந்துபோவது தெருவுக்கே தெரிகிற விஷயம்.

"கோ தான், அந்தப் பொண்ணு இங்கே எதுக்கு வருது?"

நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"சமையல் கத்துக்க" என்றார் என் வீட்டுக்காரர், தலையை நிமிர்த்தாமலே. "தோசை. அமெரிக்காவுல தோசைக்கடை போடப்போகுதாம்."

வந்தவர் சிரித்தார். "மீசெக் பக்கத்துல உக்காந்து தோசையா?"

"மேல கரண்ட் இல்லே, சயா. பொண்ணு வேர்வையில கரைஞ்சுபோவுது."

வந்தவர் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு சிகரெட்டை வாங்கிக்கொண்டு போனார். அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் படியில் நின்றபடியே எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் சொல்ல அவர் எதைப் பணயம் வைத்தார் என்பது. அதை நினைத்துப் பயந்ததைவிட அதிகமாக அவள்மேல் பொறாமைப்பட்டேன். எனக்காக அவர் அப்படி எதையும் பணயம் வைத்ததில்லையே என்று.

அதற்கப்புறம் ஹானாவை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தூரமாக, நகரத்துக்குள் இருந்த வேறொரு டீக்கடையில் சந்தித்தோம். என் வீட்டுக்காரரும் வந்தார். ஊருக்குப் புறப்படுகிற நாள் அவளுக்கு நெருங்கிவிட்டது.

குரலை இறக்கிப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். "கோ தான் சொன்னதை என் ஆராய்ச்சியில் எழுதலாமா? பெயர் இல்லாமல். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான பதில் அதுதான்" என்றாள்.

அதையும் நானேதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

அவர் ஹானாவைப் பார்க்கவில்லை. "தனத்தைக் கேளுங்க" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கில் சட்டென்று ஒரு கசப்பான பதில் வந்தது. ஆனால் அவள் முகத்தில் பேராசை இல்லை. கேட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்னால் சரி என்று உட்கார்ந்திருந்தாள். கேட்கத் தெரிந்தவள். அதுதான் அவளிடம் இருந்தது, எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காதது.

"எழுதாதே" என்றேன். "மிங்கலா தாங்ஞுன்டில் மீசெக் பழுது பார்க்கிற ஒருவர், எனக்கு அரசியல் தெரியாது என்றார் என்று எழுதிக்கொள்."

அவளுடைய கண் கலங்கியது. ஆனால் தலையை ஆட்டினாள். பிறகு சிரித்துவிட்டு, "எங்கள் ஊர்ப் பேராசிரியர் இதற்கு மார்க் போடமாட்டார்" என்றாள்.

சொன்னபடி செய்தாள். பல மாதம் கழித்து இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அவள் அனுப்பியதைப் படித்தேன். யாங்கோன் பகுதி மிகச் சிறியது. மீன்கார அம்மாவின் மழை இருந்தது. இஸ்திரிக்காரர் இருந்தார். அரசியல் தெரியாத மீசெக்காரரும் இருந்தார். அவளுடைய ஊர்ப் பகுதி நூறு பக்கம் இருக்கும். அங்கே எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவோடு பேசத் தொடங்கிவிட்டதாகவும், மறுபடி சண்டை வந்துவிட்டதாகவும் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். அந்தச் சண்டை என்னவென்று கேட்டுப் பதில் எழுதினேன்.

தமிழில் சொல்லுங்க

அவள் விமானம் ஏறிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. பட்டறை மூடியிருந்தது. மகன் விளையாடப் போயிருந்தான். மழை விட்டு, மாடி ஜன்னல் வழியாக வெயில் ஈரமாக வந்துகொண்டிருந்தது. அவர் தரையில் சாய்ந்து உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு தம்ளரில் டீயைப் போட்டுக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

"அந்த வருஷம் என்னங்க நடந்துச்சு?" என்றேன்.

நகவெட்டியைக் கீழே வைத்தார். "அன்னைக்குத்தான் கேட்டியே."

"அன்னைக்கு நான் கேக்கலை. அவ கேட்டா. நான் இப்பத்தான் கேக்கறேன்."

டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பர்மிய மொழியில் தொடங்கினார். அன்றைக்குச் சொன்ன அதே முதல் வாக்கியம், அதே மரியாதைச் சொற்கள்.

"தமிழ்ல சொல்லுங்க."

அவருக்குத் தமிழில் அது வரவில்லை. அந்த வருஷத்தை அவர் தமிழில் நினைத்ததே இல்லை. "அது என்ன, எல்லாரும் சேர்ந்து நடந்து போறது..." என்றார்.

"ஊர்வலம்."

"ஊர்வலம். அதுல முன்னாடி... துணியில எழுதித் தூக்கிட்டுப் போவாங்களே..."

"பதாகைம்பாங்க. கொடின்னே சொல்லுங்க."

"கொடி. நானும் அவனும் ஒரு கொடியைப் பிடிச்சிருந்தோம்."

இப்படியே போயிற்று. சொல் கிடைக்காத இடத்தில் நின்று என்னைப் பார்ப்பார். எடுத்துக்கொடுப்பேன். தோட்டா. சந்து. சாக்கடை. மெதுவாக, தடுக்கித் தடுக்கி வந்தது. ஹானாவுக்கு அரைமணியில் சொன்னது எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது.

தமிழில் சொன்னதால்தானோ என்னவோ, அதில் அவருடைய அம்மா வந்தார்கள். முன்பு சொன்னபோது அவர்கள் வரவே இல்லை.

"அவன் போட்டிருந்தது என் சட்டை" என்றார். "காலையில அவன் சட்டை கிழிஞ்சிருந்துச்சு. அம்மா துவைச்சு மடிச்சு வெச்சதை எடுத்துக் குடுத்தேன். அப்புறம் அம்மா பல நாள் கேட்டாங்க, அந்தச் சட்டை எங்கேடா, புதுச்சட்டையாச்சேன்னு. கழியில விட்டுட்டேன்னு சொன்னேன். பொறுப்பில்லாதவன்னு திட்டுனாங்க. சாகறவரைக்கும் அந்தச் சட்டையைச் சொல்லித் திட்டுவாங்க."

மாமியார் அப்படித் திட்டி நானும் கேட்டிருக்கிறேன். கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு எப்பங்க வந்தீங்க?"

"இருட்டறதுக்கு முன்னாடி. நனைஞ்சு போய் வந்தேன்."

"அப்புறம்?"

"அம்மா சோறு போட்டாங்க."

அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

"நெத்திலிக் குழம்பு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், தனம். பசிச்சுது."

அப்போதுதான் அவர் அழுதார். அப்போதுதான் நானும் அழுதேன்.